துறையூருக்குப் புறப்பட்ட பல்செட்

என் மருமகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். நேற்று கூடத்தில் உட்கார்ந்து மாணவர்களுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எந்த ரூட்டருக்கும் முழு மேப் தெரியாது. பக்கத்து ரூட்டர் சொல்ற தூரத்தோட ஒண்ணு கூட்டிக்கும், அவ்வளவுதான்." என் காபி ஆறிப்போயிற்று. அடடா, இது நான் கண்டுபிடித்ததாயிற்றே! ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்களாவது கேளுங்கள்.

அரக்கு உருகும் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு இளவயதில் நான் நடத்திய பார்சல் சர்வீஸ்தான் ஞாபகம் வரும். உறையூர்க் கடையில் காதர் பாய், ஸ்ரீரங்கத்தில் ரங்காச்சாரி. ஆளுக்கொரு சிலேட்டு, எந்த ஊருக்கு எத்தனை கை மாற வேண்டும், அடுத்த கை யார் என்று அதில் இருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூருக்கு நேர் பஸ், ஆகவே ஒன்று. பாய் அதோடு ஒன்று கூட்டி, ஸ்ரீரங்கம் வழியாக இரண்டு என்று எழுதிக்கொள்வார். தினமும் டவுன் பஸ்ஸில் சீட்டு அனுப்பி, எத்தனை கை என்ற தூரத்தை மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும். யார் வழியாக என்று மூச்சு விடக் கூடாது. முழு வழியும் தெரிந்தால் தனிக்கடை போட்டுவிடுவார்களே! என் மூளையை நானே மெச்சிக்கொண்ட காலம்.

துறையூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா உறையூரில் பல்செட் செய்யக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். "கவலைப்படாதீங்க மாமா, செவ்வாய்க்கிழமையே உங்க வாயில இருக்கும்" என்றேன். திங்களன்று பாய் அதை பிஸ்கட் டின்னில் வைத்து அனுப்பினார்.

மழையில் சாலை அரித்து, அன்றே துறையூர் பஸ் நின்றுபோனது. எனக்கென்ன தெரியும்? வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்தது; டாக்ஸி பிடித்து முசிறி சுற்றிப் போய் இறங்கினேன். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை துண்டை எடுத்தார்.

"பல்லைக் கொண்டுவந்து சேக்கத் தெரியாதவன் பொண்ணை எங்க கொண்டுபோய் விடுவான்?"

சபையே சிரித்தது. தட்டு மாற்றவில்லை.

நேராக ஸ்ரீரங்கத்தில் ரங்காச்சாரி சாமியிடம் வந்தேன். சிலேட்டில் 'துறையூர் – ஒன்பது'. பக்கத்தில் அதே டின்.

"என்ன சாமி இது?"

"பஸ் நின்னுது, ஒண்ணை அழிச்சேன். பாய் சீட்டுல துறையூர் ரெண்டுன்னு இருந்தது. முசிறி வழியா ஏதோ பிடிச்சிருக்கார்னு மூணு போட்டு டின்னை அவர்கிட்டயே அனுப்பினேன். அவர் நாலுன்னார், திரும்ப வந்தது. நான் அஞ்சு. இப்ப அவர் எட்டு, நான் ஒன்பது. கூட்டல் தப்பா ஓய்?"

பாய் எழுதிய அந்த 'இரண்டு' சாமி வழியாகத்தான் என்பது சாமிக்குத் தெரியாது. பாயிடம் போய்க் கத்தினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "யார் வழின்னு சொல்லக் கூடாதுன்னது நீங்கதானே மொதலாளி?"

சாமி சொல்லித் தெரிந்ததைச் சாமிக்கே திருப்பிச் சொல்லாதே என்று அன்றைக்கே சட்டம் போட்டேன். மருமகள் புத்தகத்திலும் அதே சட்டம் இருக்கிறதாம். இருக்காதா பின்னே! பல்செட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அதை மாட்டிக்கொண்டு, பெண்ணுக்கு வேறு இடம் பார்த்தாயிற்று என்று அட்சரசுத்தமாகச் சொன்னார்.

இப்போது பாயும் இல்லை, சாமியும் இல்லை. கடைகள் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். துறையூருக்கு நினைத்த நேரத்தில் பஸ் இருக்கிறது. போய் இறங்கினால், வாங்க என்று சொல்ல அங்கே எனக்கொரு வீடுதான் இல்லை.