போனில் உள்ள வாப்பா

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மைத்துனரின் குடலிறக்க அறுவைக்காகத் தக்கலை அருகே ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகத்தில் நெற்றி மட்டும் வெளுத்திருந்தது. மடியில் இருந்த சின்னஞ்சிறு புது லுங்கியைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

"பையனுக்கா?" என்றேன்.

"ஆமா, அஞ்சு வயசு. மூத்திரம் போவ கஷ்டமாட்டு இருந்து. தோல எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. சுன்னத்தும் பண்ணணும்லா, ரெண்டும் ஒண்ணா ஆச்சு. அதுக்குத்தான் சவுதியிலேருந்து ஓடி வந்தேன்."

தேதிகளைக் குறித்துவைக்கும் பழக்கத்தில், எப்போது வந்தார் என்று கேட்டேன்.

"நாலு நாளாச்சு. இதுக்கு முந்தி வந்தப்போ அவன் தவழ்ந்துட்டுக் கிடந்தான்."

எதிர் அறையில் அவர் குழந்தை மயக்கம் தெளிந்து அலறியது. உள்ளே ஓடியவர் உடனே வெளியே வந்தார். பின்னாலேயே வந்த அவர் மனைவி தணிந்த குரலில் சொன்னாள்: "போன்ல உள்ள வாப்பாதான் வேணும்னு கரையுதான். அங்க போய் நின்னு போன் போடுங்க."

அவர் வராந்தாவின் கோடிக்குப் போய்ச் சுவரோரம் நின்று வீடியோவில் அழைத்தார்.

"கரையாத மக்கா, வாப்பா உண்டுல்லா."

அழுகை அடங்கியது. பிறகு பையனின் குரல் போனில் கேட்டது: "எப்ப வருவிய வாப்பா?"

லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் அந்த அறைக் கதவையே பார்த்தபடி நின்றார்.

அன்றிரவு நாட்குறிப்பில் அவர் ஊருக்கு வந்த நாளை எழுதப் பேனாவை எடுத்தேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.