மூன்றாம் ஓலை

அப்பாவின் வலது கை வாசிப்பு மேடையின் விளிம்பைப் பிடித்திருந்தது. இடது கையில் அந்தத் தாள். கல்யாண ஓலை என்பது பெயர்தான். நான்காக மடித்த கோடு போட்ட காகிதம். எங்கள் கிறிஸ்தவ சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசித்து, இவர்கள் இணையத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. கேட்பதும் சடங்கு, பேசாமல் இருப்பதும் சடங்கு. அன்று மூன்றாம் ஓலை. மாப்பிள்ளை என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி.

அப்பா தென்காசியை அடுத்த ஒரு சிறு சபையின் உபதேசியார். ஐயர், அதாவது குருவானவர், மாதம் ஒருமுறை திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பிரசங்கம், ஓலை எல்லாம் அப்பாதான். வேதத்தில் உள்ளதை உள்ளபடி நம்புகிறவர். எங்களுக்குச் சினிமா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடையில் உப்புகூட வாங்கக் கூடாது. விளையாட்டுக்கும் பொய் கூடாது. பார்க்க விரும்பாத ஆள் வாசலுக்கு வந்தால், "அப்பா இருக்காவ, ஆனா பார்க்க மாட்டாவளாம்" என்று நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா தென்காசியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தினார். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் சமையல் பார்த்த செங்கோட்டைக்காரர் ஒருவரோடு மேலகரத்தில் வாடகை வீட்டில் இருந்தார். "கல்யாணப் பேச்செடுத்தா, சேந்து இருந்தா வாடகை மிச்சம்ங்கான். ஆறு வருசமா அப்படி என்னத்த மிச்சம் பிடிக்கானோ" என்பாள் அம்மா. கடையத்தில் பெண் பார்த்தது அப்பா, ஓலையை எழுதியது அப்பா. சித்தப்பாவின் சம்மதத்தை அவர் கேட்கவே இல்லை. அண்ணன் நிச்சயித்தால் தம்பி தலையாட்டுவான் என்பது எங்கள் பக்கத்து நடைமுறை. அது எவ்வளவு பெரிய பிழை என்று அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

சாரலில் நனைந்துகொண்டு சாயங்காலம் சித்தப்பா வந்தார். நான் அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது.

"அண்ணே, நாளைக்கு அத வாசிக்காதிய."

"ஏம்லே?"

"எனக்குப் பொம்பளப் பிள்ளையள்ட்ட மனசு போவாதுண்ணே. சின்னதுல இருந்தே அப்படித்தான். அவன்கூடத்தான் இருப்பேன்."

 அப்பா, "வேதத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியும்லா?" என்றார்.

"தெரியும். நானும் எத்தனையோ நாள் முழங்கால்ல நின்னு ஜெபிச்சுப் பார்த்துட்டேன்."

"கல்யாணம் ஆனா சரியாயிரும்லே."

"ஆவலன்னா? அந்தப் பிள்ள கதி என்ன?"

அப்பா மூலையில் இருந்த குடையை எடுத்து நீட்டினார். சித்தப்பா அதை வாங்கிக்கொள்ளாமலே போனார்.

மறுநாள் அப்பா பெயர்களை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற இடத்துக்கு வந்து நின்றுவிட்டார். பாயில் எனக்கு முன்னால் இருந்த ஆச்சி பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, மாப்பிள்ளைக்குல்லா வேர்க்கணும், உபதேசியாருக்கு வேர்க்குது" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா தாளை மடித்தார். "தடை உண்டு. அது எனக்குத் தெரியும். என்னவென்று சொல்ல மாட்டேன். குற்றம் பெண் வீட்டார் மேல் இல்லை" என்றார். அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். பாதிப் பேர்தான் பாடினார்கள்.

மத்தியானமே சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். "ஓய், காரணத்தச் சொல்லும். இல்லன்னா ஊரு நூறு சொல்லும்."

"சொல்லட்டும் அண்ணாச்சி. நூத்துல ஒண்ணும் என் வாயில இருந்து வராது."

திங்கட்கிழமை கடையத்துக்குப் போனார். பெண்ணின் தகப்பனார் அவரை உட்காரச் சொல்லவில்லையாம். அந்த அக்கா என்ன பாடுபட்டாள் என்று எங்கள் வீட்டில் யாரும் போய்க் கேட்டதில்லை. இன்றுவரை நானும் கேட்டதில்லை. நாலைந்து மாதத்தில் அப்பாவை வேறு சபைக்கு மாற்றினார்கள். சித்தப்பாவோடு அவர் பேசுவது கிறிஸ்துமஸுக்கு ஒரு வார்த்தை என்று சுருங்கிவிட்டது.

நான் மின்சாரப் படிப்புப் படித்தவள். மோட்டார் நின்றுபோனால் சாத்தியமான காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவதுதான் என் வேலை. அப்பாவின் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். தம்பி செய்வது சரி என்று நினைத்தாரா? இல்லை; பாவம் என்றே நம்பினார், இன்றும் நம்புகிறார். ஊருக்குப் பயந்தாரா? பயந்தவர் பேசாமல் வாசித்திருப்பார். தம்பி மேல் இரக்கமா? அதை அடிக்கவும் முடியவில்லை, அது மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பதிலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சபையிடம் கேள்வி கேட்க அவரால் முடியவில்லை. எந்தக் கண்டிப்பைக் கண்டு நாங்கள் நடுங்கினோமோ, அந்தக் கண்டிப்புதான் சித்தப்பாவைக் காப்பாற்றியது. பாதிதான் காப்பாற்றியது என்று சித்தப்பா சொல்லக்கூடும். அண்ணனை இழந்தவர் அவர்.

போன மாதம் சித்தப்பாவுக்குத் தென்காசியில் குடல்வால் ஆபரேஷன். நான் லீவு போட்டுவிட்டு, ஓய்வு பெற்றுவிட்ட அப்பாவோடு போனேன். வராந்தாவில் பிளாஸ்கோடு சித்தப்பாவின் நண்பர், அந்தச் செங்கோட்டைக்காரர், நின்றிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அப்பாவைக் கண்டதும் சுவரோடு ஒதுங்கினார். 

நர்ஸ் வெளியே வந்தாள். "முழிச்சிட்டாங்க. சொந்தக்காரங்க ஒருத்தர்தான் உள்ள போலாம். நீங்க யாரு?"

கேள்வி நண்பரைப் பார்த்து. அவர், "அண்ணாச்சி போகட்டும்" என்று இன்னும் ஒதுங்கினார்.

எழுந்து கதவுவரை போயிருந்த அப்பா நின்றார். "இவரு எங்க வீட்டு ஆளுதாம்மா" என்றார் நர்ஸிடம். பிறகு அவரைப் பார்த்து, "நீரு உள்ள போம். அவன் ஒம்மத்தான் தேடுவான்."

நண்பர் பிளாஸ்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அப்பா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

"என்னட்டி பார்க்க?" என்றார். "நான் பொய் ஒண்ணும் சொல்லலியே."