நாலாவது ஆளுக்கு ரிலீவர்

எனக்கு பாஸ்கெட்பால் பிடிக்காது. கல்யாணமான புதிதிலேயே பிடிக்காது, இப்போது சுத்தமாகப் பிடிக்காது. வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் மனிதர் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஓசூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஒரு கம்பெனிச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் சிமெண்ட் தரையும் ஒரே ஒரு கூடைக் கம்பமும் உண்டு. எதிர்ப்பக்கம் நடவேண்டிய இன்னொரு கம்பத்தை யாரும் நடவே இல்லை. அந்த அரைத் தரையில் ஆடி ஆடித்தான் என் வீட்டுக்காரரும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் தேறினார்கள்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு கூடை போதும். அணிக்கு நாலு பேர், மூன்று பேர் உள்ளே, ஒருவர் வெளியே. பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கத்தக் கூடாது. யார் வெளியே வருவது, யார் உள்ளே போவது என்று ஆடுகிறவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். விசில் அடித்து ஆட்டம் நிற்கும்போது, களைத்தவன் கூடைக்கு எதிர்ப்புறக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, காத்து நிற்பவனைக் கையால் தொடுவான். தொட்டதும் இவன் வெளியே, அவன் உள்ளே. நடுவரிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை.

வெளியே நிற்கும் நாலாவது ஆள் பெரும்பாலும் என் வீட்டுக்காரர்தான். நால்வரில் மூத்தவர். வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பும்போது, “பெஞ்சைத் தேய்க்கிறதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க?” என்று சீண்டுவேன். “நான் வெளிய நிக்கறதாலதான்டி அவனுங்க தைரியமா ஓடறானுங்க” என்பார். மத்தூர்ப் பக்கத்து ஆள். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

அவருக்குப் போச்சம்பள்ளியில் ஷிப்ட் வேலை. எனக்கு ஓசூரிலேயே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஷிப்டில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து மிஷின் முன்னால் நிற்கிற வரைக்கும் பழைய ஆள் நகரக் கூடாது. தலைவலியா, வீட்டில் விசேஷமா, எதுவானாலும் ரிலீவர் வந்தால்தான் போகலாம். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான் நடந்தது. பெண் குழந்தைக்கு நாலு வயது. ஒருவர் வீட்டுக்குள் வந்தால்தான் இன்னொருவர் வேலைக்குக் கிளம்ப முடியும். அவர் செருப்பைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். “ரிலீவர் வந்துட்டன், நீ கிளம்பு” என்று உள்ளங்கையை நீட்டுவார். நான் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடுவேன். அவர் உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். சில வாரங்களில் புருஷன் பெண்டாட்டி தொட்டுக்கொண்டது அந்த ஒரு தட்டு மட்டும்தான். எங்கள் குடித்தனம் முக்கால்வாசி வாசற்படியிலேயே நடந்தது.

ஒரு மார்கழிக் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. அப்புறம் பஸ் போய்விட்டது. ‘வரட்டும் இன்னிக்கு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ராயக்கோட்டை ரோட்டில் பனி. தக்காளி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டோரம் நின்றிருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்த இவருக்குத் தெரியவில்லை. போன் வந்தபோதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபம் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு வீட்டில் பந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. தப், தப், தப் என்று வாசல் பக்கம் மூன்று அடி, பிறகு நின்றுவிடும். ஆடிவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் அப்படித்தான் தட்டுவார். பந்து பரணில் காற்றிறங்கிச் சப்பையாகக் கிடக்கிறது, நானே ஏறிப் பார்த்தேன். மாடி வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும் என்று நினைத்தேன். மாடி வீடு பூட்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கு வா என்பார்கள், இல்லாவிட்டால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். எனக்குப் பயமாகவும் இல்லை. வேலைக்குப் போகாத காலைகளில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகவே காத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டாளிகள் மூவரும் வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், ஒரு பெரிய கடை வளாகத்தின் முன்னால் ஆண்களுக்கான சர்வதேச மூன்றுக்கு மூன்று போட்டி. அதற்கான தகுதிச் சுற்றில் அவர் இருந்தபோதே இவர்கள் ஜெயித்திருந்தார்கள். கடைசிக் கூடையைப் போட்டது என் வீட்டுக்காரர். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, “உங்கப்பன் வெளிநாட்டுக்காரன்கூட ஆடப் போறன்டி” என்று சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

மூவரில் குள்ளமானவன் தரையைப் பார்த்தபடி பேசினான். “அண்ணி, பேர் மாத்தறதுக்கு இன்னும் டைம் இருக்குது. அண்ணனுக்குப் பதிலா ஒரு ஆளைப் போடலாமான்னு… நீங்க என்னா சொல்றீங்களோ அதான்.”

“உங்க இஷ்டம்” என்றேன்.

தமிழ்நாட்டில் ஒரு பெண் ‘உங்க இஷ்டம்’ என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் தெரியும். மூன்று பேரும் கல்யாணமானவர்கள். டீயைக் குடித்தார்கள், எழுந்து போனார்கள், வேறு ஆளைப் போடவில்லை. நான் நினைத்ததும் அதுதான். அவர் இடத்தில் இன்னொருத்தன் அவருடைய ஆட்டப் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்பதா? நிற்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தது.

குழந்தையைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் போட்டிக்குப் போனேன். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எங்கெங்கோ இருந்து வந்த வாட்டசாட்டமான ஆண்கள் தரையில் படுத்துக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது முன்வரிசை நாற்காலி, கூடைக்கு எதிர்ப்புறக் கோட்டை ஒட்டி. அதாவது நாலாவது ஆள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். எல்லா அணிக்கும் அங்கே ஓர் ஆள் நின்றான். எங்கள் அணிக்கு மட்டும் அங்கே நீலத் தரைதான் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரணி ஏதோ குளிர் நாட்டுக்காரர்கள். அவர்கள் ஆள் மாற்றி மாற்றி மூச்சு வாங்கிக்கொண்டார்கள். நம்மவர்களுக்கு மாற்ற ஆள் ஏது? ஆனாலும் விடவில்லை. குள்ளமானவன் அவர்களுடைய கைகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வந்தான். பாதி ஆட்டம் தாண்டியும் கணக்கு ஏறக்குறைய சமமாகவே போனது. எனக்கே, இந்த ஆட்டத்தைப் பிடிக்காத எனக்கே, கத்த வேண்டும் போல வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

விசில் அடித்தது. யாரோ யாரையோ இடித்துவிட்டார்கள். அப்போது மூவரில் நெட்டையானவன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கோட்டைத் தாண்டி நேராக என் பக்கம் வந்தான். நாக்குத் தள்ளியிருந்தது. வந்து, யாருமே இல்லாத இடத்தில் கையை நீட்டினான். கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி சிரித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். ஆட்டம் தொடங்கிவிட்டது. உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

“உள்ள வாடா, என்னாடா பண்ற” என்று குள்ளமானவன் கத்தினான். இவன் நிமிர்ந்து உள்ளே எண்ணிப் பார்த்தான். அடுத்த விசில் வரைக்கும் உள்ளே போக வழியில்லை. அதற்குள் அவர்கள் கூடை மேல் கூடையாகப் போட்டுவிட்டார்கள். அத்தோடு ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது.

முடிந்த பிறகு வண்டிகள் நிற்கிற இடத்தில் மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. நெட்டையானவன் தலையைக் குனிந்தபடி சொன்னான். “வதினா, யாரோ தொட்டாங்க. சத்தியமா தொட்டாங்க. தொட்டதாலதான் நான் நின்னேன்.” அண்ணியை அவன் வதினா என்றுதான் கூப்பிடுவான்.

மற்ற இருவரும் அவனைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. “நான்தான்பா தொட்டேன்” என்றேன். “நீ கையை நீட்டவும், பக்கத்துலதான இருந்தேன், என்னையறியாம கையை நீட்டிட்டேன்.”

அவன் என் கையைப் பார்த்தான். எங்கள் கம்பெனியில் நாள் முழுக்கக் கையுறை. என் கை குழந்தையின் கை மாதிரி இருக்கும். அவன் பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பேண்டில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டான்.

“சொரசொரன்னு இருந்துச்சு வதினா” என்றான்.

எனக்கு வாசற்படி ஞாபகம் வந்தது, மூன்று தட்டுத் தட்டி நின்றுபோகிற பந்து ஞாபகம் வந்தது. ரிலீவர் வராமல் நகரக் கூடாது என்பது அவர் ஒரு நாளும் மீறாத சட்டம். இவர்களுக்கு ஆள் வரவில்லை, அவர் போகவில்லை. ஆள் வராமல் பார்த்துக்கொண்டவள் நான்.

“அடுத்த போட்டிக்கு ஆளைப் போடுங்க” என்றேன். “உங்க இஷ்டம்னு சொல்லலை, போடுங்கன்னு சொல்றேன். ரிலீவர் வராம அவர் எப்படிப்பா கிளம்புவார்?”

குள்ளமானவன் அப்போதுதான் அழுதான்.

போட்டார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவன். நன்றாக ஆடுகிறானாம். பனியனை நானே துவைத்து மடித்துக் கொடுத்தேன். அவன் அந்த அரைத் தரையில் முதல் தடவையாக நாலாவது ஆளாக நின்ற வாரத்திலிருந்து வீட்டில் பந்து சத்தம் இல்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து பார்த்தேன். சுத்தமாக இல்லை.

நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் ஆறவில்லை, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அவ்வளவு தூரம் வந்தீர்களே, அவன் கையைத் தொட்டீர்களே. ஒரு முழம் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேனே.