கூர்ப்பக்கம் உடைந்த முட்டை

என் பர்ஸின் உள்ஜிப்புக்குள் ஓர் ஊக்கு இருக்கிறது. அட்டையில் வரிசையாகக் குத்தி ரயிலில் விற்றுக்கொண்டு வருவார்களே, அந்தச் சாதாரண ஊக்குதான். முலாம் போய்த் துருவேறிவிட்டது. இதுவரை மூன்று பர்ஸ் மாற்றிவிட்டேன். ஊக்கு மட்டும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோய்க்கொண்டே இருக்கிறது. ஒருமுறை என் கணவர் அதைக் குப்பையில் போடப்போனார், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். பழக்கம் என்று சொல்லி மழுப்பினேன். அது என்னுடைய ஊக்கு இல்லை.

அது நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தியின் தாலிச் சரட்டில் தொங்கியது. எப்போதும் நாலைந்து ஊக்குகளைச் சேர்த்து மாட்டியிருப்பாள். யாருக்குச் சேலை அவிழ்ந்தாலும், செருப்பு வார் அறுந்தாலும், காலில் முள் ஏறினாலும் அவளிடம்தான் போவார்கள். கவரைப்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவிலிருந்த ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் அவளும் நானும் வேலை பார்த்தோம். அவள் அங்கே ஆரம்பத்திலிருந்து இருப்பவள். அவள் அம்மா நாற்று நட்ட நிலத்தின் மேல்தான் அந்தக் கட்டடம் நிற்கிறது என்பாள், சர்வசாதாரணமாக, ஏதோ பஸ் நிறுத்தத்துக்கு வழி சொல்வதுபோல. நான் டிப்ளமோ முடித்துவிட்டு வேப்பம்பட்டிலிருந்து வந்தவள். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, அடித்துப்பிடித்து ஏறிக் காலை ஷிப்டுக்கு வருவேன். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சிக்காலம். ஆறு மாதம் குறையில்லாமல் ஓட்டினால் நிரந்தரம் ஆக்குவார்கள். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. என் நிரந்தரத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பொரிப்பகத்தில் அடைக்கோழி கிடையாது. அலமாரி அலமாரியாக மெஷின்கள். இருபத்தோராம் நாள் கதவைத் திறந்து தட்டுகளை இழுத்தால் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள். அறை முழுக்கக் கீச்சொலியும், மூக்கில் ஏறும் பொடி முடியும். பெண்கள் குஞ்சுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவார்கள், பெட்டிகள் லாரி ஏறி எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குப் போகும். ஒவ்வொரு தட்டிலும் சில முட்டைகள் மிச்சம் இருக்கும். அவற்றில் சில கூமுட்டை. சிலவற்றில் மட்டும் ஓட்டில் ஒரு சின்னப் பொத்தல் இருக்கும், பொத்தலுக்குள் ஓர் அலகு அசையும். உயிர் இருக்கிறது, வெளியே வர முடியவில்லை. மெஷினுக்கு அடுத்த தட்டு காத்திருக்கும். ஆகவே மிச்சமெல்லாம் ஒரு நீல டிரம்முக்குள் போகும். அலகு அசைவதும் போகும். முதல் வாரம் நான் அந்த டிரம் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். இரண்டாவது வாரம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தன் மேஜைக்கு அடியில் ஒரு பழைய தட்டு வைத்திருந்தாள். அதன்மேல் ஈரத்துணி. டிரம்முக்குப் போகவேண்டிய முட்டைகளில் ஐந்தாறை அதில் ஒளித்துவைப்பாள். கை ஒழிந்தபோது ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துக் கேட்பாள். பிறகு ஊக்கைக் கழற்றி, முட்டையின் மொண்ணைப் பக்கத்தில், காற்று நிற்கும் இடத்தில் மட்டும், நகக்கண் அளவு ஓட்டுச் சில்லை நெம்பி எடுப்பாள். உள்தோல் காய்ந்து கிடந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றுவாள். அவ்வளவுதான். மறுபடி மூடி வைத்துவிடுவாள். மத்தியானத்துக்குள் பாதியாவது தானே உதைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நன்றாக உலர்ந்து, தொப்புள் மூடி, நிற்கும் அளவு தெம்பு வந்த பிறகுதான் அதைப் பெட்டியில் சேர்ப்பாள். நான் கண்டுபிடித்தபோது அவள் பயப்படவே இல்லை. "இன்னா மேடம், உங்க டிப்ளமோல முட்டைக்குப் பிரசவம் பாக்க சொல்லித் தரலியா?" என்றாள். அவள் பெட்டியில் சேர்த்த குஞ்சுகளை நான் தனியாகச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றிலும் குறையில்லை. வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடியது நல்ல காரியம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஊக்கு வைத்த இடத்தில் தோலுக்கடியில் சிவப்பாக ஒரு நரம்பு தெரிந்தால் அதோடு கையை எடுத்துவிடுவாள். "செவப்பு தெரிஞ்சா தொடக்கூடாது. அது இன்னும் உள்ள துன்னுக்கினு கீது. துன்னு முடிக்காம யாரு பந்திய வுட்டு எழுந்து வருவா?" மஞ்சள் கரு முழுக்க வயிற்றுக்குள் போன பிறகுதான் குஞ்சு வெளியே வரும் என்று நான் புத்தகத்தில் படித்ததைத்தான் அவள் சொன்னாள். இரண்டாவது, கூர்ப்பக்கத்தில் பொத்தல் விழுந்த முட்டையை அவள் எடுக்கவே மாட்டாள். அதில் குஞ்சு தலைகீழாக இருக்கிறது, நாம் கைவைத்தால் நம் கையாலேயே போகும் என்பாள். அந்த முட்டைகளைத் தட்டில் வைத்துத் துணி போர்த்துவதோடு சரி. வந்தால் வரட்டும், வராவிட்டால் அது விதி.

அன்று காலை தட்டு வண்டியில் என் துப்பட்டா சிக்கிக் கிழிந்தது. அக்கா சரட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, கிழிசலை மடித்து, என் தோளில் குத்திவிட்டாள். அதற்கு முந்தின வாரம் ஒரு பண்ணையிலிருந்து குஞ்சுகள் திரும்பி வந்திருந்தன. தொப்புள் மூடாத குஞ்சு ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால் கூட இருப்பவற்றுக்கும் சீக்கு வந்துவிடும். அதனால் மேனேஜர் கடுகடுவென்று இருந்தார். இனி யாராவது முட்டையில் கைவைத்தது தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். மேஜைக்கடியில் அன்று ஒரே ஒரு முட்டைதான் இருந்தது. கூர்ப்பக்கம் பொத்தல். அது கத்திக்கொண்டே இருந்தது. அத்தனை ஆயிரம் குஞ்சுகளின் சத்தத்துக்கு நடுவே அதன் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. அக்காவிடம் சொன்னேன். "கத்தட்டும். கத்தறவரைக்கும் நல்லதுதான். நீ அதப் பாக்காத, பேஜாரா பூடும்," என்று சொல்லிவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனாள்.

நான் குனிந்து அதை எடுத்தேன். தோளிலிருந்த ஊக்கைக் கழற்றினேன். கொஞ்சம் பெரிதாக்கினால் மூச்சுவிடும் என்றுதான் ஆரம்பித்தேன். ஓடு சில்லுச் சில்லாக வந்தது. உள்தோலை ஊக்கு முனையால் தூக்கியபோது சிவப்பு தெரிந்தது. தெளிவாகவே தெரிந்தது. அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். கத்தல் நிற்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. இழுத்தேன். முதலில் ஒரு சொட்டு ரத்தம், பிறகு குஞ்சே என் உள்ளங்கையில் வழுக்கி விழுந்தது, வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கரு ஒரு பையாகத் தொங்க. அது அப்போதும் கத்தியது. குஞ்சின் மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தச் சத்தத்தை என்னால் தாங்கமுடியவில்லை, அது நிற்கவேண்டும் என்று இழுத்தேன். மேனேஜரின் பூட்ஸ் சத்தம் கேட்டது. குஞ்சைக் கைக்கெட்டிய பெட்டிக்குள் விட்டேன். முட்டை ஓட்டை மேஜைக்கடியில் தள்ளினேன். ஊக்கைத் துடைக்காமலே தோளில் குத்திக்கொண்டேன்.

லாரி ஏறுவதற்குமுன் மேனேஜர் எந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாதோ அந்தப் பெட்டியைத்தான் திறந்தார். கெட்ட நேரம் வந்தால் அப்படித்தான். பத்து நிமிடத்தில் மேஜைக்கடியிலிருந்த தட்டு வெளியே வந்தது, ஈரத்துணி வந்தது, ஓடும் வந்தது. பெண்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். நாஷ்டா டப்பாவை மூடியபடி அக்கா வந்து சேர்ந்தாள். மேனேஜர் ஒரு கையில் குஞ்சையும் மறு கையில் முட்டை ஓட்டையும் வைத்திருந்தார்.

"யாரும்மா இது? யார் பண்ணது?"

அவர் ஓட்டை அக்காவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். கூர்ப்பக்கம் நொறுங்கியிருந்தது, மொண்ணைப் பக்கம் முழுசாக இருந்தது. அது அவள் உடைத்தது இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் வாயில் கொழுக்கட்டை இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில், "என் டேபிளு சார். நான்தான்," என்றாள்.

மேனேஜர் குஞ்சை டிரம்முக்குள் போட்டார். பிறகு தரக் கட்டுப்பாட்டிலிருந்து அறிக்கை வேண்டும் என்று என்னிடம் தாளைக் கொடுத்தார். நான் எழுதினேன். முட்டை ஓடு முன்கூட்டியே உடைக்கப்பட்டிருக்கிறது, குஞ்சின் தொப்புள் மூடவில்லை, காரணம் பணியாளரின் தலையீடு. எந்தப் பணியாளர் என்று எழுதவில்லை. அந்த இடத்தை அவர் தன் பேனாவால் நிரப்பிக்கொண்டார். அக்கா கைகழுவி, ஏப்ரனை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் கேட் வரைக்கும் ஓடினேன். உள்ளங்கையில் ஊக்கை வைத்து நீட்டினேன். 

"செவப்பு தெரிஞ்சிச்சா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது அக்கா."

"தெரிஞ்சும் இழுத்தியா?"

தலையை ஆட்டினேன். அவள் முகம் மாறியது. "எனக்குக் கோவம் இல்லன்னு நென்ச்சிக்காத. கோவம் கீது. நான் எப்பயோ ஒரு நாளு மாட்டிக்கினுதான் இருப்பேன், அது வேற. ஆனா இது நான் பண்ணதில்ல," என்றாள். ஊக்கை வாங்கவில்லை. "குத்திக்கோ. துப்பட்டா அவுந்து கெடக்குது பாரு." நெடுஞ்சாலை ஓரமாக, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஸ்டேஷனைப் பார்க்க நடந்து போனாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து நான் நிரந்தரம் ஆனேன். வீட்டில் கேசரி கிண்டினார்கள். பதினோரு வருடம் ஆகிறது. இப்போது அதே பொரிப்பகத்தில் தரக் கட்டுப்பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. டிரம் மாறிவிட்டது, பழையதைவிடப் பெரியது. மேஜைகளுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று நான் குனிந்து பார்ப்பதில்லை. அதை ஒரு நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

போன மாதம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். வேறு ஏதோ கம்பெனியின் நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. சரட்டில் இப்போதும் நாலைந்து ஊக்குகள். ஓடி ஒளியலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதற்குள் அவளே, "இன்னா மேடம், கண்ணு தெர்லியா?" என்று கூப்பிட்டுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் நர்சிங் முடித்துவிட்டாளாம், பேக்கிங் வேலை பரவாயில்லையாம், முட்டி வலி மட்டும் படுத்துகிறதாம். எல்லாம் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா," என்றேன். பதினோரு வருடம் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது ஒன்றுதான்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "நானும் அப்பால நெறய யோசிச்சேன். நீயே சொல்லுவேன்னுதான் உன்ன பாத்துக்கினு நின்னேன். உன் ஒதடு ஆடிச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் வுட்டிருந்தா நீயே சொல்லியிருப்ப. நான்தான் அவசரப்பட்டு வாயத் தொறந்துட்டேன். முட்டைக்கு அவ்ளோ பொறுத்தவ, உனக்குப் பொறுக்கல. ஊட்டுல உக்காந்துக்கினு அத நெனைச்சாதான் எனக்குக் கஷ்டமா இருக்கும்."

கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மகளிர் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் எதிர்த்திசை வண்டிக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மடியில் பர்ஸ். அதற்குள் ஊக்கு. அவளிடம் எடுத்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வந்திருக்கும். என் உதடு ஆடியதென்னவோ உண்மைதான், பயத்தில் ஆடியது. அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்ற அந்த நேரம் முழுக்க நான் பேசுவதற்குத் திணறவில்லை. முனையில் ரத்தம் காய்ந்திருந்த ஊக்கை, யாரும் பார்ப்பதற்குள், தோளிலிருந்து கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டிருந்தேன்.