அமலதாஸ் சாரின் மூன்றாவது பேட்டரி

சாக்கோட்டைக்கு அங்குட்டு இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் அமலதாஸ் பூகோள ஆசிரியர். வீடு காரைக்குடி செக்காலையில். காலையில் சைக்கிளில் கிளம்பி, கழனிவாசல் முக்கில் தமிழாசிரியர் சேவுகப்பெருமாளோடு சேர்ந்துகொள்வார். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இப்படித்தான். சேவுகப்பெருமாள் பேசிக்கொண்டே வருவார். கல்லலில் இருக்கும் நிலம், கண்மாய்த் தண்ணீர், மூத்த மகள் கல்யாணசுந்தரிக்கு வந்த வரன் என்று எதையும் பாக்கி வைக்கமாட்டார். அமலதாஸ் கேட்டுக்கொண்டு வருவார். பள்ளிக்கூடம் வந்துவிடும்.

1996 தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும்போது அமலதாஸுக்கு நெஞ்சை அடைத்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். "வேலைக்குப் போங்க, நடங்க. சைக்கிள் மட்டும் மிதிக்காதீங்க" என்றார் டாக்டர்.

காலை பஸ்ஸில் படியில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. இதைக் கேள்விப்பட்ட அவருடைய மைத்துனர் சகாய ஆண்டனி, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் செய்த எலெக்ட்ரிக் சைக்கிளை லாரியில் ஏற்றி அனுப்பினார். பின்சக்கரத்தை ஒட்டி ஒரு சின்ன மோட்டார். கேரியரில் தகரப் பெட்டிக்குள் இரண்டு பேட்டரி. ஹேண்டில்பாரில் ஒரு ஸ்விட்ச். தட்டினால் ஓடும், திருப்பித் தட்டினால் ஓய்ந்துவிடும். மிதிக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு குறை, வண்டி ஊர்ந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு முந்திப் போனார்கள். தலையில் கூடையோடு வேகமாக நடக்கிற ஒரு பெண்ணைத் தாண்டவே நெடுநேரம் பிடித்தது. சேவுகப்பெருமாள் முந்தவில்லை. மிதிப்பதைக் குறைத்து, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சமாளித்து, கூடவே வந்தார். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனை முடிந்திருந்தது. தலைமையாசிரியர் அமலதாஸைப் பார்த்து உடம்பு எப்படி என்று விசாரித்தார். சேவுகப்பெருமாளிடம், "ஐயா, நீங்களுமா?" என்று கேட்டார்.

மறுநாள் அமலதாஸ், "நீங்க முன்னாடி போங்க சார். எனக்காக எதுக்குப் பேச்சு வாங்குறீக?" என்றார்.

"முன்னாடி போயி யாருகிட்டப் பேச? சீக்கிரமாக் கிளம்புவோம், அம்புட்டுத்தான்."

அப்படியே நடந்தது. ஆனால் அமலதாஸுக்கு மனசு ஆறவில்லை. சாலையில் போகிறவர்கள் சேவுகப்பெருமாளைப் பார்த்து, பாவம், நோயாளிக்குத் துணையாகப் போகிறார் என்று நினைப்பதாக அவருக்குத் தோன்றியது. வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டியிருந்ததால், அவர் மனைவி சந்தனமேரியும் இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டினார். நோய்க்கு முந்திய பழைய வேகம் வந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று அமலதாஸ் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

டிராக்டருக்கும் மைக்செட்டுக்கும் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தவர் ஐயனார். அவரிடம் போய்ச் சொன்னதும் மோட்டாரைக் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு பேட்டரி சேத்தா வேகம் வரும் சார். மோட்டார் தாங்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. ஓட்டிப் பாத்தாத்தான் உண்டு."

வீட்டில் சந்தனமேரி வேறொன்று கேட்டார். "வேகத்தைக் கூட்டுறீக, சரி. நிப்பாட்ட என்ன வச்சிருக்கீக?"

பழைய பிரேக்கைப் பிடித்தால் வண்டி யோசித்து நிற்கும். அமலதாஸ் முதலில் சைக்கிள் கடைக்குப் போய் இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் போட்டார். சந்தனமேரியே ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, பிரேக்கை அழுத்திப் பார்த்து, "ம், இனிமே பேட்டரியைப் போடுங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, ஐயனாரின் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அவரும் அமலதாஸும் சந்தனமேரியும் செட்டிநாட்டுக்குப் போனார்கள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன. ஐயனார் மூன்றாவது பேட்டரியைச் சட்டத்துக்கு நடுவில் கயிற்றால் கட்டி, வயரை முடுக்கினார்.

அமலதாஸ் ஸ்விட்சைத் தட்டினார். வண்டி ஒரு குதி குதித்துப் பாய்ந்தது. ஆடுகள் சிதறி ஓடின. சட்டை முதுகில் புடைத்தது. படுக்கையிலிருந்து எழுந்த பிறகு முகத்தில் இப்படிக் காற்று அடித்தது அதுதான் முதல்தடவை. அவர் திரும்பவே இல்லை, தளத்தின் கடைசிவரை போனார். திரும்பி வந்து இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"காத்துதான்" என்றார் மனைவியிடம்.

"நான் ஒண்ணும் கேக்கலயே" என்றார் சந்தனமேரி.

மோட்டாரைத் தொட்ட ஐயனார் கையை உதறினார். அவ்வளவு சூடு. எப்போதும் இப்படி ஓட்டினால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகிவிடும் என்றார். பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தள்ளுகிற ஸ்விட்ச் ஒன்றை வைத்துக் கொடுத்தார். இடது பக்கம் தள்ளினால் இரண்டு பேட்டரி, வலது பக்கம் தள்ளினால் மூன்று.

திங்கட்கிழமை கழனிவாசல் முக்கில் சேவுகப்பெருமாள் நின்றிருந்தார். "இன்னிக்குப் பழைய மாதிரி போவோம் சார்" என்று சொல்லி அமலதாஸ் வலது பக்கம் தள்ளினார்.

கொஞ்ச தூரம் சேவுகப்பெருமாள் ஈடுகொடுத்தார். பிறகு பேச்சு நின்றது. மூச்சு வாங்குகிறது போல என்று அமலதாஸ் நினைத்தார். கண்மாய்க் கரையில் ஏறும் இடத்தில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். நெடுந்தூரம் பின்னால், சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து அவர் வந்துகொண்டிருந்தார்.

அமலதாஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

"என்ன சார், விழுந்துட்டீகளா?"

"விழுகல. முழங்கால்." சேவுகப்பெருமாள் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வேறு பக்கம் பார்த்தார். "ரெண்டு வருசமாவே இருக்கு. நீங்க படுக்கிறதுக்கு முந்தியே பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் உங்ககூட வந்தேன். நீங்க மெதுவா வரவும் நான் தப்பிச்சேன்."

"எனக்காக மெதுவா வாரீகன்னுல்ல நான்..."

"ஊரே அப்படித்தான் நெனச்சுச்சு. நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். வகுப்புல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து செய்யுள் நடத்துற ஆளு, முழங்கால் வலின்னு எப்படிச் சொல்றது?"

அமலதாஸுக்கு முதலில் கோபம் வந்தது. எத்தனை நாள் இதை நினைத்துப் புழுங்கியிருக்கிறார்! அப்புறம் சிரிப்பு வந்தது. டாக்டர் பார்த்தால் பயந்துவிடும் அளவுக்குச் சிரித்தார். சேவுகப்பெருமாளும் சேர்ந்துகொண்டார்.

"உங்க சைக்கிள்ல ஏறுங்க சார். என் தோளைப் பிடிங்க" என்றார் அமலதாஸ்.

இரண்டு பேட்டரியில் வண்டி முக்கித் திணறியது, நகரவில்லை. வலது பக்கம் தள்ளியதும் மெல்ல இழுத்தது. சேவுகப்பெருமாளின் இடது கை அமலதாஸின் தோளில், வலது கை தன் ஹேண்டிலில். இரண்டு சைக்கிளும் சேர்ந்தாற்போல மேடு ஏறின. பாதி ஏறும்போதே கல்யாணசுந்தரியின் வரன் பற்றிய பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள்.

சந்தனமேரிக்குச் செய்தி வந்ததும் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திட்டினார். "அவரு விழுந்தா உங்களையும் சேத்துல்ல இழுத்துருவாரு!" மேடு ஏறும்போது மட்டும்தான் தோளைப் பிடிப்பது, லாரி வந்தால் கையை எடுத்துவிடுவது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் காப்பி கொடுத்தார். சைக்கிளுக்கு ஒரு கண்ணாடியும் மாட்டச் சொன்னார்.

முழங்காலுக்கு மதுரையில் காட்டினார்கள். மருந்தில் பாதி குணம் தெரிந்தது. ஐயனார், உங்கள் சைக்கிளுக்கும் ஒரு மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சேவுகப்பெருமாள் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் மோட்டார்ல போனா சத்தத்துல என் பேச்சு அவருக்கு எங்க கேக்கும்?" என்றார்.

மோட்டார் ஒரு கோடையில் கருகியது, ஐயனார் காயில் கட்டிக்கொடுத்தார். பேட்டரிகளையும் ஒருமுறை மாற்ற வேண்டிவந்தது. கல்யாணசுந்தரிக்கு நெற்குப்பையில் கல்யாணம் நடந்தது. 1999 மே மாதம் சேவுகப்பெருமாள் ஓய்வு பெறும்வரை இருவரும் அந்தச் சாலையில் அப்படியே போய்வந்தார்கள்.