எழுத்துத் தெரியாத செயலாளர்

தமிழ் மாணவர் சங்கத்தில் ஏன் சேர்ந்தாய் என்று யாராவது கேட்டால் கம்சாயினி மொழிப்பற்று, அடையாளம் என்று ஏதேதோ சொல்லுவாள். உண்மையில் அன்றைக்கு அவளுக்குப் பசி. ஒகஸ்ட் மாதம், நோர்வேயில் பல்கலைக்கழகத்தின் முதல் கிழமை. பிளிண்டெர்ன் வளாக முற்றத்தில் ஒவ்வொரு சங்கமும் மேசை போட்டுப் புது மாணவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. மலையேறுகிற சங்கத்தின் மேசையில் வெறும் துண்டுப் பிரசுரம். தமிழ் மேசையில் மட்டன் ரோல்ஸ்.

மேசைக்குப் பின்னால் சங்கத் தலைவர் ஜதுசன் நின்றான். சாதாரணமாகப் பேசினாலும் ஒலிவாங்கி பிடித்துப் பேசுவது போலவே பேசுகிறவன்.

"தமிழ் எழுத வாசிக்கத் தெரியுமோ?"

"ஓம்," என்றாள், வாய் நிறைய ரோல்ஸோடு.

அது பச்சைப் பொய். லோறென்ஸ்கூக்கில் பிறந்து வளர்ந்த கம்சாயினி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை எட்டு வயதிலேயே ஹான்ட்போல் விளையாடப் போவதற்காக விட்டவள். தமிழ் கதைப்பாள், அம்மாவோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கும் அளவுக்குக் கதைப்பாள். எழுத்தில் "அ" வரைக்கும் போயிருந்தாள். அப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடமோ மொழியியல்.

அவளுடைய வகுப்புத் தோழி எம்மா, ஹாமாரிலிருந்து வந்த நோர்வேக்காரி. சங்கத்தில் யாரும் சேரலாம் என்று அறிந்ததும் அவளும் பெயரைக் கொடுத்தாள். பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து, மூன்று கிழமையில் தமிழ் எழுத்து முழுவதையும் பழகிவிட்டாள். அர்த்தம் ஒன்றும் தெரியாது, ஆனால் எதைக் காட்டினாலும் கடகடவென்று வாசிப்பாள். கம்சாயினி அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவ்வளவு நல்லதல்ல என்பது அவளுக்கே தெரியும்.

செப்டெம்பரில் நிர்வாகக் குழுத் தெரிவு நடந்தது. செயலாளர் பதவிக்கு ஒருவரும் முன்வரவில்லை.

"கம்சாயினிக்கு எழுத வாசிக்கத் தெரியும்," என்றான் ஜதுசன். "எங்கடை கூட்டக் குறிப்பு, அறிவித்தல் எல்லாம் தமிழிலைதான் இருக்கவேணும். தமிழ்ச் சங்கத்துக்கு நோர்வே மொழியிலை குறிப்பு எழுதினால் வெட்கக்கேடு."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் எழுந்து நின்று நன்றி சொன்னாள்.

அன்று பின்னேரமே வழி கண்டுபிடித்தாள். கைபேசியில் பேசினால் அது தமிழில் எழுதித் தரும். அதை எம்மா சத்தமாக வாசித்துக் காட்ட, கம்சாயினி கேட்டுச் சரி பார்ப்பாள். ஒருத்திக்கு எழுத்துத் தெரியும், மற்றவளுக்கு அர்த்தம் தெரியும். இரண்டு பேரையும் கூட்டினால் முழுச் செயலாளர் ஒருத்தி. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. மற்ற நான்கு நிர்வாகிகளும் ஒவ்வொரு குறிப்பையும் மேலும் கீழும் பார்த்து, தலையாட்டி, கையெழுத்து வைத்தார்கள். "நல்ல தமிழ்," என்று ஜதுசன் ஒருமுறை பாராட்டியும் விட்டான்.

பெப்ரவரியில் ஆண்டுக் கூட்டத்துக்கான அறிவித்தல். எம்மா வாசித்தாள்: "வருடாந்தக் குற்றம்."

"குற்றம் இல்லை, கூட்டம்," என்று கம்சாயினி திருத்தினாள்.

"ஆனால் இங்கே உகரம் குறில். பிறகு றகரம் இருக்கிறதே," என்றாள் எம்மா, நோர்வேஜிய மொழியில்.

"தமிழிலை எழுதுறது ஒண்டு, கதைக்கிறது ஒண்டு. அது உனக்கு விளங்காது," என்று கம்சாயினியும் அதே மொழியில் பெரிய பண்டிதர் போலச் சொன்னாள். எம்மா பணிவாகத் தன் கொப்பியில் அதை ஒரு விதிவிலக்காகக் குறித்துக்கொண்டாள். அறிவித்தல் எல்லா விளம்பரப் பலகைகளுக்கும் போனது.

மார்ச்சில் நடந்த அந்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தாள். கோயம்புத்தூரிலிருந்து முதுகலை படிக்க வந்த திவ்யபாரதி. கையில் அந்த அறிவித்தல்.

"வருடாந்தக் குற்றத்துக்குக் குடும்பத்தோட வரச் சொல்லியிருந்தீங்க. எனக்கு இங்க குடும்பம் இல்ல, தனியா வந்தா பரவாயில்லையா?"

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. விளங்கவில்லை. அவள் தாளை நீட்டி, விரலை வைத்து வாசித்தாள். "சென்ற வருடக் குற்றத்தின் அறிக்கையைத் தலைவர் வாசிப்பார். அங்கத்தவர்கள் தங்கள் புதிய குற்றங்களுக்கான யோசனைகளை முன்கூட்டியே அனுப்பலாம்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

"இதை ஆர் சரிபார்த்தது?" என்றான் ஜதுசன்.

கம்சாயினி எழுந்தாள். எம்மாவின் உச்சரிப்பைத் தான் திருத்திய கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. அண்டைக்குப் பசியிலை பொய் சொல்லிப்போட்டன். இப்ப விலகுறன். ஆனால் ஒண்டு கேக்கவேணும். நீங்கள் நாலு பேரும் இதிலை கையெழுத்து வைச்சனீங்கள்தானே?"

பொருளாளர் தர்மினிதான் முதலில் வாய் திறந்தாள். "எனக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சன்." மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். கடைசியாகத் தலைவர், முதல் தடவையாக ஒலிவாங்கி இல்லாத குரலில், "என்ர பேர் மட்டும் எழுதுவன்," என்றான்.

அவளுடைய விலகலை யாரும் ஏற்கவில்லை. பெருந்தன்மையால் அல்ல, அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. எம்மா துணைச் செயலாளரானாள். வியாழக்கிழமைகளில் எழுத்து வகுப்பு நடத்த திவ்யபாரதி சம்மதித்தாள். கம்சாயினி வகுப்பில் கடைசிக்கு ஒன்று முன்னே. கடைசி யார் என்பதைச் சொல்லக்கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மே மாதத்தில் கம்சாயினி முதல் தடவையாகத் தன் கையாலேயே குறிப்பு எழுதினாள். நான்கு வரி, நாற்பது நிமிடம். திவ்யபாரதி வாசித்துவிட்டு, "ஒரே ஒரு தப்புதான். துணைக்கால் விட்டுட்டீங்க," என்றாள்.

"எங்கடை ஆக்கள் அதை அரவு எண்டு சொல்லுறவை," என்றான் ஜதுசன், இரண்டு கிழமைக்கு முன்னர் கற்றுக்கொண்ட அறிவோடு.

"எந்தச் சொல்லிலை?" என்று கம்சாயினி கேட்டாள்.

திவ்யபாரதி தாளின் அடியில் இருந்த கையொப்பத்தைக் காட்டினாள். கம்சயினி, செயலாளர்.