கழுத்தில் கட்டிய துண்டு

என் தங்கை ஹலினாவின் புருஷன் செவெரின், பதினெட்டு வருஷம் எங்கள் ஊர் அணிக்கு ஸ்பீட்வே பைக் ஓட்டினான். ஒரு பந்தயத்தில்கூட முதலில் வந்ததில்லை. அவனுடைய மெக்கானிக் நான்தான், வயிறு எரிய எரியச் சொல்கிறேன்.

பிரேக் இல்லாத பைக், மண் தடத்தில் நாலு சுற்று, அணிக்கு இரண்டு பேர். செவெரின் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்ப்பான். கூட்டாளி பின்தங்கியிருந்தால் உள்பக்கம் அவனுக்கு வழி விட்டுவிட்டு, எதிராளியை மறித்துக்கொண்டு இரண்டாவதாக வருவான். அப்படி வருபவனுக்குக் கூடுதலாக ஒரு போனஸ் புள்ளி எழுதுவார்கள். போலந்து முழுக்க அப்படித்தான். ஊரில் அவன் பெயரே போனஸ் ஆகிவிட்டது. கறிக்கடை வரிசையில்கூட, "என்ன போனஸ், இங்கயும் ரெண்டாவதாத்தான் நிப்பியா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே நிற்பான்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. அன்று தோற்றால் எங்கள் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும்.

"மச்சான், இன்னிக்கு ஒரு தடவையாவது முதல்ல வந்துடணும்னு ஆசையா இருக்கு. ஹலினாகிட்ட சொல்லாத" என்றான்.

"கழுத்தத் திருப்பாம ஓட்டு, வருவ."

"திருப்ப மாட்டேன். சத்தியம்."

அவன் சத்தியத்தை நம்ப நான் என்ன பைத்தியமா? தோல் உடுப்புக்குள் கழுத்தைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினேன்.

"மூச்சு விடவாவது வழி வை, மச்சான்."

"மூச்சு விட்டுக்கோ. எவனுக்கும் வழி மட்டும் விடாத."

கடைசிப் பந்தயம். எங்கள் ஆட்கள் இருவரும் முதல் இரண்டு இடத்தில் வந்தால்தான் தப்பிக்க முடியும். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா மேலே போனதுமே செவெரின் முன்னால் பாய்ந்தான். அவனுக்குப் பின்னால் எதிராளிகளில் ஒருவன், அதற்கும் பின்னால் எங்கள் இளம் ஆட்டக்காரன் கோர்டியான். பார்வையாளர் வரிசையில் ஹலினா கையிலிருந்த கடுகு தடவிய சாசேஜை மறந்து எழுந்து நின்றாள். மூன்று சுற்று முடிந்தும் செவெரின்தான் முதலில். நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

கடைசி வளைவில் தலையைத் திருப்பாமலே செவெரின் சட்டென்று வெளிப்பக்கம் விலகினான். அவன் கிளப்பிய மண்ணில் எதிராளி தடுமாற, கோர்டியான் உள்பக்கமாகப் புகுந்து முதலில் வந்தான். செவெரின் இரண்டாவது. அணி பிழைத்தது. மைதானமே "போனஸ், போனஸ்" என்று கத்தியது.

எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. "ஏண்டா விட்ட?"

"நான் திரும்பியே பாக்கலயே."

"அப்புறம் அவன் வர்றது எப்படித் தெரிஞ்சுது?"

"அவன் எஞ்சினையும் நீதான கழட்டி மாட்டுன. உன் கை பட்ட சத்தம் எனக்குத் தெரியாதா?"

கோர்டியானைத் தூக்கிப்போட்டுப் பிடித்த கூட்டம் எங்களை நோக்கி வந்தது.

"சீக்கிரம் துண்ட அவுத்துவிடு மச்சான். ஹலினா எங்க இருக்கான்னு பாக்கணும்."

நான் இறுக்கிக் கட்டிய முடிச்சு அவிழவே இல்லை.